முகத்தைப் பார்த்து ஒதுக்காதீர்கள்: ஃபோர்டு டாரஸ் 1996–99

அமெரிக்கக் கார் பைத்தியங்களிடம் தொண்ணூறுகளில் வந்த அசிங்கமான கார் எது என்று கேட்டுப் பாருங்கள், 1996 ஃபோர்டு டாரஸ் பெயர் தவறாமல் வரும். முகப்பு விளக்கு நீள்வட்டம், பின்பக்கக் கண்ணாடி நீள்வட்டம், உள்ளே ரேடியோகூட நீள்வட்டம். ஃபோர்டு சின்னமே நீள்வட்டம்தானே, அதையே ஊதிப் பெரிசாக்கிக் காராக விற்றுவிட்டார்கள் என்று கேலி பேசுவார்கள். கேலி நியாயம்தான், அழகு என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் மிச்சிகன் மாநிலத்தில் டெட்ராய்ட் பக்கம் வேலைக்கு வந்த புதிதில் ஒரு 97 ஜி.எல். (டாரஸின் சாதாரண மாடல்), பிறகு நண்பர் கலிஃபோர்னியாவுக்கு மாறிப் போனபோது அவர் விட்டுப்போன 97 எல்.எக்ஸ். (அதற்கு மேல் மாடல்), இரண்டையும் வருஷக்கணக்கில் பனியிலும், பனி கரையச் சாலையில் தூவும் உப்பிலும் ஓட்டித் தேய்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: முகத்துக்காகத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் வண்டியை ஓட்டிப் பார்க்காதவர்கள். ஓட்டிப் பார்த்தவர்கள் திட்டுவதற்கு வேறு விஷயங்கள் இருக்கின்றன, அதற்கும் வருகிறேன்.

கொஞ்சம் பழைய கதை சொல்லிவிடுகிறேன், அது தெரியாவிட்டால் இந்தக் காரை எடைபோட முடியாது. 1980 முதல் 82 வரை மூன்று வருஷத்தில் ஃபோர்டுக்கு 300 கோடி டாலருக்கு மேல் நஷ்டம். கம்பெனி தேறுமா என்றே சந்தேகம். அந்த நிலைமையில் ஏறத்தாழ அதே அளவு பணத்தைக் கொட்டி, லூ வெரால்டி தலைமையில் டிசைனர், எஞ்சினியர், தொழிற்சாலை ஆள், பாகங்கள் சப்ளை செய்கிறவர் எல்லோரையும் ஒரே மேஜையில் உட்காரவைத்துச் செய்த கார்தான் முதல் டாரஸ். 1985 டிசம்பர் கடைசியில் ஷோரூமுக்கு வந்தது. ஊரில் இருந்த கார்களெல்லாம் பெட்டி பெட்டியாக, முன்னால் பளபளவென்று கிரில் மாட்டிக்கொண்டு நின்ற காலம் அது. இது கிரில்லே இல்லாமல் வழுவழுவென்று வந்தது. உருளைக்கிழங்கு என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் செய்துகொண்டே வாங்கித் தள்ளினார்கள். 1992-ல் ஹோண்டா அக்கார்டைத் தாண்டி நாட்டிலேயே அதிகம் விற்ற கார் என்ற இடத்துக்கு வந்தது, அந்த ஒரு வருஷம் மட்டும் 4 லட்சத்துக்கு மேல் விற்றது. 1996 வரை அந்த இடத்தை விடவில்லை.

சரி, இப்படி ஓடிக்கொண்டிருக்கும் காரைப் புதுப்பிக்கச் சொன்னால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? விளக்கை மாற்றி, சீட்டை மாற்றி, விலையை அப்படியே வைத்திருப்போம். டிசைன் தலைவர் ஜாக் டெல்நாக்குக்கு அது போதவில்லை. 1986-ல் ஊரை அதிரவைத்தது போல இன்னொரு முறை அதிரவைக்க வேண்டும் என்று நினைத்தார். எஞ்சினியரிங் பக்கம் டிக் லேண்ட்கிராஃப் என்பவர் தலைமை. அவர்கள் வைத்துக்கொண்ட இலக்கு 1992-ல் வந்த டொயோட்டா கேம்ரி. அதைப் பிரித்துப் பிரித்துப் பார்த்து, அதன் தரத்தைத் தாண்ட வேண்டும் என்று உழைத்தார்கள். நிஜமாகவே பல இடங்களில் தாண்டினார்கள். கதையின் வேடிக்கை இனிமேல்தான். டாரஸ் வெளிவந்து ஒரு வருஷம் போன பிறகு, டொயோட்டா 1997 கேம்ரியைக் கொண்டுவந்தது. அதில் செலவைக் குறைத்து, பகட்டைக் குறைத்து, விலையையும் இறக்கிவிட்டார்கள். ஃபோர்டு துரத்திக்கொண்டிருந்த கேம்ரியை டொயோட்டாவே கைவிட்டுவிட்டது. 1997-ல் கேம்ரி கிட்டத்தட்ட 3,97,000 விற்று முதலிடத்துக்குப் போனது, டாரஸ் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

என் எண்ணம் இதுதான்: டாரஸில் ஃபோர்டு பணம் போட்ட இடங்களெல்லாம் ஓட்டுகிறவனுக்கு மெதுவாகத்தான் தெரியும், ஷோரூமில் பத்து நிமிஷம் சுற்றிப் பார்க்கிற குடும்பத்துக்குத் தெரியவே தெரியாது. அந்தக் குடும்பத்துக்குத் தெரிந்ததெல்லாம் விலைச்சீட்டும் அந்த முகமும்தான்.

பணம் எங்கே போனது என்று உட்கார்ந்து பார்த்தால் புரியும். கதவை மூடினால் கனமான, அடங்கிய சத்தம். நெடுஞ்சாலையில் 75 மைல் வேகத்தில் பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியதில்லை. மிச்சிகன் சாலைகளைப் பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம், தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: குளிர்காலத்தில் தண்ணீர் உறைந்து, கரைந்து, மறுபடி உறைந்து, மார்ச் மாதம் ஆனால் தார் சாலை முழுக்கக் குழி. அந்தக் குழிகளில் இறங்கி ஏறும்போது இந்தக் காரின் உடம்பு நடுங்காது, டேஷ்போர்டு கடகடக்காது. ஸ்டீயரிங் அமெரிக்கப் பெரிய கார்களுக்கே உரிய அந்தத் தொளதொளப்பு இல்லாமல் கையில் கொஞ்சம் கனமாக நிற்கும். வளைவில் நம்பித் திருப்பலாம். அந்தக் காலத்து செவர்லே லூமினாவையும் இதையும் அடுத்தடுத்து ஓட்டினால் வித்தியாசம் உடனே தெரியும், லூமினாவில் உட்கார்ந்தால் வீட்டு சோபாவோடு சேர்த்து ஓட்டிப் போகிற உணர்ச்சிதான்.

ஐந்து மீட்டர் நீளமான கார், நம் ஊர் இன்னோவாவை விட நீளம். ஆனால் பானட் சட்டென்று கீழே சரிந்து போவதால் வண்டியின் முன் நுனி எங்கே முடிகிறது என்று டிரைவர் சீட்டிலிருந்து தெரியாது. கேரேஜில் நிறுத்துவதற்காகக் கூரையிலிருந்து ஒரு டென்னிஸ் பந்தைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவது அமெரிக்க வழக்கம், பந்து கண்ணாடியைத் தொட்டால் நிறுத்த வேண்டும். இந்தக் காருக்கு அது கட்டாயம். பின்பக்கம் இன்னும் மோசம். அந்தப் புகழ்பெற்ற நீள்வட்டக் கண்ணாடியின் நான்கு மூலைகளும் தகரம். ரிவர்ஸ் எடுக்கும்போது நமக்கு வேண்டியது அந்த மூலைகள்தான். ஜனவரி காலையில் பனிக்கட்டியைச் சுரண்ட வேண்டி வந்தால், நேர்க்கோட்டு ஸ்கிரேப்பர் இந்த வளைந்த விளிம்பில் ஒட்டாது, ஓரத்தில் ஒரு பனிப்பட்டை அப்படியே தங்கிவிடும். கண்ணாடியைச் சூடாக்கும் டிஃபாகரைப் போட்டுவிட்டு காபி குடித்து வருவது உத்தமம்.

உள்ளே நடுவில் இருக்கும் பேனல் தனிக்கதை. ரேடியோவும் ஏசி ஹீட்டர் பட்டன்களும் ஒரே பேனலில், அவித்த முட்டையை நீளவாக்கில் பாதியாக வெட்டி டேஷ்போர்டில் பதித்து வைத்த மாதிரி. எல்லோரும் சிரிக்கும் இந்தப் பேனலை நான் கட்சி கட்டிக்கொண்டு ஆதரிப்பேன். பட்டன்கள் பெரிசு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு வடிவம், ஒவ்வொரு மேடு பள்ளம். கைக்கு இரண்டு அடுக்கு உறை போட்டிருக்கும்போதும், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல், விரலால் தடவியே ஹீட்டரைக் கூட்டலாம். இப்போது வரும் கார்களில் ஹீட்டரைக் கூட்ட திரையில் மூன்று தடவை தொட வேண்டியிருக்கிறது, உறையோடு தொட்டால் அது கேட்பதும் இல்லை. அந்த வகையில் 1996-க்காரர்கள் யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள். குறை என்னவென்றால், ரேடியோ கெட்டுப்போனால் கடையில் கிடைக்கும் சாதாரணச் சதுர ரேடியோ அந்த ஓட்டையில் பொருந்தாது. அதற்கென்று தனிச் சட்டம் வாங்கி மாட்டவேண்டும், மாட்டினால் பார்க்கச் சகிக்காது. பழைய கார் உடைக்கும் யார்டில் இன்னொரு டாரஸைத் தேடி அதே பேனலைக் கழற்றி வருவதுதான் நல்ல வழி.

எனக்குப் பிடித்த விஷயம் முன்சீட். கியர் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருக்கும் மாடல் கிடைத்தால் அதை எடுங்கள். அதில் முன்னால் இரண்டு சீட்டுக்கு நடுவே ஒரு சின்ன சீட் இருக்கும். அதன் முதுகைக் கீழே சாய்த்தால் ஆர்ம்ரெஸ்ட், மெத்தையை முன்னால் புரட்டினால் கப் வைக்க, சில்லறை போட இடம் உள்ள கன்சோல், இரண்டும் வேண்டாம் என்றால் ஆறாவது ஆள் உட்காரலாம். ஊரிலிருந்து பெற்றோர் வந்திருந்தபோது எல்லோரும் ஒரே காரில் பான்டியாக் ஊரில் இருக்கும் பராசக்தி கோயிலுக்குப் போய் வந்தது இந்த வசதியால்தான். நடுவில் உட்காருகிறவருக்கு இடுப்பு பெல்ட் மட்டும்தான், தோள் பெல்ட் கிடையாது, காலை வைக்கவும் இடம் குறைச்சல். என் தம்பி முனகிக்கொண்டே வந்தான். இப்போது இந்த மாதிரி சீட் எந்த செடானிலும் இல்லை, எல்லாவற்றிலும் நடுவில் ஒரு மதில் கட்டிவிட்டார்கள்.

பின்சீட் அகலம் தாராளம், முழங்கால் இடம் தாராளம், தலைக்கு மேலேதான் இழுபறி. கூரை பின்னால் வளைந்து இறங்குகிறது, கதவின் மேல் விளிம்பும் கூடவே வளைகிறது. ஆறடி ஆள் ஏறும்போது தலையைக் குனிந்தே ஆகவேண்டும். குழந்தை சீட் மாட்டும்போதும் அந்த வளைவில் கை முட்டும். டிக்கி 15.8 கன அடி, அதாவது ஏறத்தாழ 450 லிட்டர், ஏர்போர்ட்டிலிருந்து வரும் நம் ஆட்களின் பெரிய பெட்டிகளை விழுங்கிவிடும். ஆனால் வாய் சின்னது, பெட்டியைச் சாய்த்து உள்ளே நுழைக்க ஒரு பழக்கம் வேண்டும்.

எல்.எக்ஸில் இருந்த ஒரு வசதியை இன்றுவரை மறக்க முடியவில்லை. டிரைவர் கதவில் ஐந்து பொத்தான் உள்ள ஒரு சின்னப் பட்டை, ஒவ்வொன்றிலும் இரண்டிரண்டு எண்கள். ஐந்து இலக்க எண்ணை அழுத்தினால் டிரைவர் கதவு திறக்கும். உடனே 3-4 பொத்தானை அழுத்தினால் மற்ற கதவுகள், 5-6 அழுத்தினால் டிக்கி. கடைசி இரண்டு பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் எல்லாம் பூட்டிக்கொள்ளும். சாவியை உள்ளேயே வைத்துவிட்டு நீந்தப் போகலாம், ஏரிக்கரையில் ஓடப் போகலாம். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, குளிரில் நின்றுகொண்டு பூட்டுத் திறக்கும் ஆளுக்காகக் காத்திருக்கும் துன்பமே கிடையாது. ஃபோர்டு இதை 1980-லேயே கண்டுபிடித்து வைத்திருந்தது. மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் ஏன் செய்யவில்லை என்று இன்னும் எனக்கு விளங்கவில்லை.

இனி எஞ்சின். இங்கேதான் வாங்குகிறவர் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரே காரில் இரண்டு வேறு சுபாவம். ஜி.எல்.-இல் வருவது வல்கன் என்ற 3 லிட்டர் வி6, ஓஹாயோ மாநிலம் லைமாவில் செய்தது. பிளாக், ஹெட் இரண்டும் வார்ப்பிரும்பு, வால்வைக் கம்பியால் தள்ளித் திறக்கும் பழைய புஷ்ராடு முறை, 145 ஹெச்.பி. 1986-ல் முதல் டாரஸோடு வந்த எஞ்சின், 2006 வரை டாரஸிலும் 2008 வரை ரேஞ்சர் பிக்கப்பிலும் ஓடியது. ஒரு எஞ்சினை இருபது வருஷத்துக்கு மேல் செய்கிறார்கள் என்றால் ஒன்று அது நல்லதாக இருக்க வேண்டும், இல்லை கம்பெனி கஞ்சனாக இருக்க வேண்டும். இதில் இரண்டும் உண்மை. சத்தம் கரகரப்பு, வேகம் சுமார். ஐ-94 நெடுஞ்சாலையில் ஏறும் இணைப்புச் சரிவில் பின்னால் பதினெட்டுச் சக்கர லாரி வரும்போது ஆக்சிலரேட்டரைத் தரையோடு மிதித்தால் சத்தம் முதலில் வரும், வேகம் யோசித்து வரும். ஆனால் சாகாது. ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் இரண்டு லட்சம் மைலைச் சர்வசாதாரணமாகத் தாண்டும், டைமிங் செயின் என்பதால் பெல்ட் மாற்றும் செலவும் இல்லை.

96, 97 எல்.எக்ஸில் டியூராடெக். அதுவும் 3 லிட்டர் வி6தான், ஆனால் அலுமினியம், வால்வுகளைத் திறந்து மூடும் கேம் தண்டு ஒவ்வொரு பக்கமும் இரண்டு, 24 வால்வு, 200 ஹெச்.பி. இதில் உட்கார்ந்தால் அதே கார் என்று நம்ப முடியாது. மெல்ல இழுக்கும்போது அமைதி, 4000 ஆர்.பி.எம். தாண்டினால் குரலே மாறிவிடும், வண்டி பாயும். நெடுஞ்சாலையில் கேலனுக்கு 26, 27 மைல் இரண்டு எஞ்சினும் கொடுத்தன, ஆகையால் மைலேஜுக்காக வல்கனை எடுக்க வேண்டியதில்லை. பழுது பார்ப்பதில்தான் வித்தியாசம். வல்கனைச் சுற்றிக் கை விட இடம் இருக்கும், எந்த மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்வார். டியூராடெக்கின் பின்பக்க ஸ்பார்க் பிளக்கை மாற்ற மேலே இருக்கும், காற்று உள்ளே போகும் இன்டேக்கைக் கழற்ற வேண்டும், கூலி கூடும். இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில், காசு எண்ணிச் செலவழிக்கிறவருக்கு வல்கன், ஓட்டுவதில் ருசி உள்ளவருக்கு டியூராடெக்.

மூன்றாவதாக எஸ்.ஹெச்.ஓ. (சூப்பர் ஹை அவுட்புட்) என்று ஒரு வேக மாடல் உண்டு. 1989-ல் முதலில் வந்தபோது யமஹா உருவாக்கிய வி6, 220 ஹெச்.பி., ஐந்து கியர் மேனுவல், பார்க்க மாமா ஓட்டும் கார், ஓட்டினால் போலீஸ் துரத்தும் கார். 96 மாடலில் அதை 3.4 லிட்டர் வி8 ஆக்கினார்கள், இதிலும் யமஹா கைவண்ணம், 235 ஹெச்.பி., ஆட்டோமேட்டிக் மட்டும்தான். சத்தம் கேட்டாலே காது குளிரும். ஆனால் கிட்டே போகாதீர்கள். அந்த எஞ்சினில் கேம் தண்டைச் சுற்றும் பல்சக்கரம் வெறும் அழுத்தத்தில் பொருத்தப்பட்டிருக்கும், மைல் ஏற ஏற அது வழுக்கிப் போய் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும், எஞ்சின் அத்தோடு முடிந்தது. விவரம் தெரிந்த ஓனர்கள் முன்கூட்டியே அந்தச் சக்கரத்தைத் தண்டோடு வெல்டிங் செய்துவிடுவார்கள். வெல்டிங் செய்த ரசீது இல்லாமல் யாராவது எஸ்.ஹெச்.ஓ. விற்றால் கும்பிட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

சாதாரண மாடல்களின் வியாதிகளும் ஊரறிந்தவை. வல்கனில் கேம் சிங்க்ரோனைசர் என்று ஒரு பாகம், பழைய எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இருந்த இடத்தில் உட்கார்ந்திருக்கும். அது தேய்ந்தால் எஞ்சின் பக்கத்திலிருந்து கீச் கீச் என்று சத்தம் வரும். பெல்ட் சத்தம் என்று நினைத்துப் பெல்ட்டை மாற்றிவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் உண்டு. ஆபத்து என்னவென்றால் அதே தண்டுதான் ஆயில் பம்பையும் சுற்றுகிறது. அது இறுகிப் போனால் ஆயில் பிரஷர் போய்விடும், சாகாது என்று மேலே சொன்ன எஞ்சின் அன்றைக்குச் செத்துவிடும். சின்னப் பாகம், பெரிய செலவில்லை, கீச்சென்றதும் மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, ஹீட்டர். இரும்பு எஞ்சின் என்பதால் கூலன்ட்டை மாற்றாமல் விட்டால் உள்ளே துரு கலந்து சேறாகிவிடும், அந்தச் சேறு காருக்குள் சூடு தரும் ஹீட்டர் கோரின் மெல்லிய குழாய்களில் போய் அடைத்துக்கொள்ளும். மிச்சிகனில் ஹீட்டர் இல்லாத கார் கார் இல்லை. இரண்டு ரப்பர் ஹோஸையும் கழற்றி, தோட்டத்துக் குழாயை எதிர்ப்பக்கம் வைத்துத் தண்ணீர் அடித்தால் முதலில் காபி நிறத்தில் ஒரு குழம்பு வெளியே வரும், தெளியும்வரை அடித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். உப்புத் துருவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டுமா? கதவுக்குக் கீழ், பின் சக்கர வளைவு, முன் ஸ்பிரிங். மிச்சிகனில் வருடாந்திரப் பரிசோதனை என்று எதுவும் கிடையாது, அதனால் தரை தெரியும் கார்கள்கூட நெடுஞ்சாலையில் ஓடும். வாங்கினால் தெற்கு மாநிலத்துக் காராகப் பார்த்து வாங்குவது மேல்.

பெரிய பயம் டிரான்ஸ்மிஷன். டாரஸ் என்றாலே 'அதன் கியர்பாக்ஸ் போய்விடுமே' என்பார்கள். இந்தக் கெட்ட பெயரில் பெரும்பகுதி முந்தைய மாடல்கள் சம்பாதித்துக் கொடுத்தது; அவற்றில் 3.8 லிட்டர் எஞ்சின் வைத்தவற்றுக்கு ஹெட் கேஸ்கெட் வியாதியும் சேர்ந்து இரட்டைத் தலைவலி. 96-க்குப் பிறகு வந்தவை பரவாயில்லை, ஆனால் சிரஞ்சீவி இல்லை. ஆயில் மாற்றாமல், குளிர்காலத்தில் பனியில் சிக்கிய காரை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி எடுத்தால் எந்த ஆட்டோமேட்டிக்கும் எத்தனை நாள் தாங்கும்? டேஷ்போர்டில் 'ஓ/டி ஆஃப்' என்ற கியர்பாக்ஸ் விளக்கு மினுக்க ஆரம்பித்தால் சில டிரான்ஸ்மிஷன் கடைகளில் காரின் விலையை விடப் பெரிய தொகையைச் சொல்வார்கள். பதறாதீர்கள். 1996 முதல் அமெரிக்காவில் விற்ற எல்லாக் கார்களிலும் கோளாறு எண்ணைச் சொல்லும் ஓ.பி.டி.-2 சாக்கெட் உண்டு, இருபது டாலர் ரீடர் வாங்கி அந்த எண்ணைப் படியுங்கள். வேகம் அளக்கும் சென்சார் செத்தாலும் இதே விளக்குதான் மினுக்கும், அதற்கு ஆகும் செலவு ஒரு குடும்ப ஹோட்டல் சாப்பாட்டுக் காசு.

இத்தனை சொன்ன பிறகு, கேம்ரி வாங்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். வாங்கியிருக்கலாம், காசு இருந்தால். அதே வயது, அதே மைல் ஓடிய கேம்ரி செகண்ட் ஹேண்டில் இதைப் போல இரண்டு மடங்கு கேட்ட காலம் அது. டாரஸ் ஏன் அவ்வளவு மலிவு என்பதற்கும் காரணம் உண்டு. முதலிடத்தைத் தக்கவைக்க ஃபோர்டு இந்தக் கார்களை வாடகைக் கம்பெனிகளுக்கும் அலுவலகங்களுக்கும் மொத்தம் மொத்தமாகத் தள்ளியது. அப்போது ஹெர்ட்ஸ் என்ற வாடகைக் கார் கம்பெனியே ஃபோர்டு கையில்தான் இருந்தது. ஏர்போர்ட்டில் இறங்கி வாடகைக் கார் கேட்டால் கைக்கு வருவது டாரஸ் சாவி. அமெரிக்கா வந்த நம் ஆட்களில் நிறையப் பேர் வலதுபக்கம் ஓட்டக் கற்றுக்கொண்டது இதில்தான். வாடகைக்கு ஓடி முடித்த கார்கள் அலை அலையாகச் சந்தைக்கு வந்தன, விலை விழுந்தது. புதுக் காராக வாங்கியவருக்கு வயிற்றெரிச்சல், மூன்றாவது ஓனராக வந்த எங்களுக்கு யோகம். முகத்தின் மேல் இருந்த வெறுப்பும் சேர்ந்து விலையை இன்னும் இறக்கியது. அழகான காராக இருந்திருந்தால் எனக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

அமெரிக்கக் கார் வாங்க வேண்டும் என்று டெட்ராய்ட் பக்கத்துப் பெரியவர்கள் சொல்வதையும் கேட்டிருக்கிறேன். கேம்ரி கென்டக்கியில் ஜார்ஜ்டவுனில் செய்தது, அக்கார்டு ஓஹாயோவில் மேரிஸ்வில்லில் செய்தது என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஃபோர்டு தலைமையகம் இருக்கும் டியர்பார்ன் பக்கம் சில வாகன நிறுத்தங்களில் ஜப்பானியக் காரோடு போனால் இன்றும் ஒரு பார்வை கிடைக்கும்.

பிறகு நடந்ததுதான் எனக்கு வருத்தம். 2000-ல் முகத்தை அடக்கமாக மாற்றினார்கள், தலைக்கு இடம் கொடுத்தார்கள், நல்ல கார்தான். அப்புறம் கிட்டத்தட்ட கைகழுவிவிட்டார்கள். எக்ஸ்ப்ளோரர் எஸ்.யூ.வி.யும் பிக்கப்பும் காசு கொட்டும்போது செடானுக்கு யார் செலவு செய்வார்கள்? ஒரே சட்டகத்தை இழுத்து இழுத்து ஓட்டி, 2006 அக்டோபர் 27-ல் அட்லான்டா அருகே ஹேப்வில் தொழிற்சாலையில் நிறுத்தினார்கள். அதுவரை ஏறத்தாழ 70 லட்சம் விற்றிருந்தது. கடைசிக் கார், தொழிற்சாலைக்கு எதிரே சின்ன உணவகமாகத் தொடங்கி சிக்-ஃபில்-ஏ என்று நாடு முழுக்கக் கடை பரப்பிய ட்ரூயட் கேத்திக்குப் போனது. தொழிற்சாலையை இடித்த இடத்தில் இப்போது போர்ஷே கம்பெனியின் அமெரிக்கத் தலைமையகம் இருக்கிறது.

அந்த வருஷம் போயிங்கிலிருந்து ஃபோர்டுக்குத் தலைவராக வந்த ஆலன் முலாலி, இவ்வளவு பேர் அறிந்த பெயரை ஏன் கொன்றீர்கள் என்று கேட்டாராம். அவர் போயிங்கில் இருந்தபோதே முதல் டாரஸ் குழு வேலை செய்த முறையைப் படித்தவர். ஃபைவ் ஹண்ட்ரட் என்று விற்றுக்கொண்டிருந்த வேறொரு காருக்கு டாரஸ் பெயரை ஒட்டினார்கள், பிறகு 2010-ல் ஒரு புது டாரஸ் வந்தது, போலீஸ் கார்கள் ஆனது, 2019 மார்ச் 1-ல் சிகாகோவில் அதுவும் நின்றது. வளைகுடாவில் இருப்பவர்கள் இப்போதும் ஷோரூமில் டாரஸ் என்ற பெயரைப் பார்க்கலாம். அது சீனாவில் செய்யும் வேறு கார், நான் பேசும் காருக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்றைக்கு ஒரு 96-99 டாரஸ் கண்ணில் பட்டால் வாங்கலாமா? மாணவர், புதிதாக வந்தவர், இரண்டாவது கார் தேவைப்படுகிறவர் என்றால் தாராளமாக வாங்கலாம், 2,000 டாலருக்கு மேல் மட்டும் கொடுக்க வேண்டாம். ஜி.எல். அல்லது எல்.எக்ஸ்., முடிந்தால் லீவர் ஸ்டீயரிங் தண்டில் இருப்பது. முதலில் எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் பக்கத்து டாங்கியைப் பாருங்கள், கூலன்ட் பழுப்பாக இருந்தால் ஹீட்டரைப் போட்டுச் சோதியுங்கள். ஸ்டார்ட் செய்து, ரேடியோவை அணைத்துவிட்டு, கீச் சத்தம் வருகிறதா என்று ஒரு நிமிஷம் காது கொடுங்கள். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிச் சூடேற்றி, எஞ்சின் ஓடும்போதே டிரான்ஸ்மிஷன் டிப்ஸ்டிக்கை உருவி வெள்ளைக் காகிதத்தில் துடைத்துப் பாருங்கள். சிவப்பாக இருந்தால் பேரம் பேசுங்கள். கருத்து, கருகிய வாடை வந்தால் நன்றி சொல்லிவிட்டு நடையைக் கட்டுங்கள்.